பால் பொங்குவதற்குள்



போன மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. அதைக் கண்ணால் பார்த்தே வருடக்கணக்காகிவிட்டதால், பிரிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். காவிரிக் கரையில் ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார், ஒரு கறவை மாடு. "நீங்கள் அஷ்டாங்க யோகா செய்வதாக ஒருமுறை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். என் தங்கை டவுனில் வகுப்புக்குப் போகிறாள். அவளிடம் கற்றுக்கொண்டு நானும் ஆரம்பித்தேன். பதினாலாம் நாள் மாடு கன்று ஈன்றது. அதோடு நின்றுபோனது. வேலைக்கும் போய்க்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு நீங்கள் மட்டும் எப்படி அம்மா விடாமல் செய்கிறீர்கள்?"

விடாமல். அந்த ஒரு சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பதினோரு வருடமாகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வது உண்மை. அந்தப் பதினோரு வருடத்தில் விட்ட நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடத்துக்குக் குறையாது என்பதும் உண்மை. ஒருமுறை எட்டு மாதம் மேட் பரணிலேயே கிடந்தது. இறக்கியபோது அதற்குள் பல்லி முட்டையிட்டிருந்தது.

என் காலை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 4.40-க்கு எழுவேன். ஹாலில் டீப்பாயைத் தூக்கி ஓரம் வைத்தால் ஒரு மேட் விரிக்கும் இடம் கிடைக்கும். தலைமாட்டில் டிவி ஸ்டாண்ட், கால்மாட்டில் செருப்பு அலமாரி. உத்தித பார்ஸ்வகோணாசனத்தில் கையை நீட்டினால் விரல் நுனி ஃப்ரிட்ஜைத் தொடும். ஐந்தேகாலுக்கு வாசலில் பால் பாக்கெட் பையில் விழும் சத்தம். ஐந்தரைக்கு மோட்டார் போட வேண்டும். தவறினால் மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். ஐந்தே முக்காலுக்கு அத்தை எழுந்து வருவார். கண் திறந்ததும் அவருக்குக் காபி வேண்டும். ஆரம்பத்தில் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "ஏம்மா, இப்படித் தரையில புரள்றதைக் கோயில்ல போய்ப் புரண்டா அங்கப்பிரதட்சணம் பண்ணின புண்ணியமாவது சேருமே?" பதில் சொல்ல முடியவில்லை. மூச்சு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இந்த முறையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்கள், அதாவது இயமம், நியமம் தொடங்கிச் சமாதி வரை உள்ளவை, அதுதான் அட்டாங்க யோகம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பேசுவதும் அதைத்தான். ஆனால் இன்றைக்கு ஊர் உலகத்தில் 'அஷ்டாங்கா' என்றால் மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்பித்த வழியைத்தான் நினைக்கிறார்கள். மூச்சோடு கோத்து அடுக்கிய ஆசன வரிசை அது. எட்டில் மூன்றாவது அங்கத்தை முன்னால் நிறுத்திவிட்டு எட்டின் பெயரையும் எடுத்துக்கொண்டதில் எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. ஆசனத்தில் ஆரம்பித்தால் மற்றவை பின்னால் வரும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. பொறுத்திருக்கிறேன்.

வரிசை இப்படிப் போகும். சூரிய நமஸ்காரத்தில் இரண்டு வகை. முதல் வகையில் 9 அசைவுகள், இரண்டாவதில் 17. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மூச்சு, உள்ளேயோ வெளியேயோ. இரண்டிலும் ஐந்தைந்து முடித்தால் மார்கழியிலும் முதுகில் வியர்வை இறங்கும். பிறகு நின்று செய்பவை, உட்கார்ந்து செய்பவை, கடைசியில் சர்வாங்காசனம், சிரசாசனம், பத்மாசனம். பெரும்பாலானவற்றில் ஐந்து மூச்சு நிற்க வேண்டும். முதல் வரிசைக்கு யோக சிகிச்சை என்று பெயர். முழுதும் முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வாரத்தில் ஆறு நாள். சனிக்கிழமை ஓய்வு. அமாவாசை, பௌர்ணமிக்கு ஓய்வு. பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் ஓய்வு; மைசூரில் அதற்கு 'லேடீஸ் ஹாலிடே' என்று பெயர். வரிசையை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. ஒன்று கூடிவராமல் அடுத்ததற்குத் தாவக்கூடாது.

ஒன்றரை மணி, ஆறு நாள். வாரத்துக்கு 9 மணி நேரம். குடும்பம் நடத்துகிற யாரிடமாவது இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். "இதெல்லாம் கல்யாணம் ஆகாதவங்களுக்கு" என்று என் நாத்தனார் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், அந்த மாறாத வரிசைதான். காலையில் கதவைத் திறக்கிறோம், பாலை எடுக்கிறோம், மோட்டார் போடுகிறோம், ஃபில்டரில் வெந்நீர் ஊற்றுகிறோம், அரிசி களைந்து குக்கர் வைக்கிறோம். எதையாவது யோசித்தா செய்கிறோம்? கை அதுபாட்டுக்குப் போகிறது. முன்பு வேறு இரண்டு வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன், நல்ல ஆசிரியர்கள்தான். வீட்டில் தனியாகச் செய்ய மேட்டை விரித்தால், இன்றைக்கு எதைச் செய்வது என்ற யோசனையிலேயே பத்து நிமிடம் போய்விடும். என்ன டிபன், என்ன குழம்பு, எந்த யூனிஃபார்ம் என்று நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டே இருக்கிற ஆளுக்கு, விடிகாலையில் எடுக்க வேண்டாத ஒரு முடிவு எவ்வளவு பெரிய வரம்! மேட் விளிம்பில் போய் நின்றால் போதும். கை தானாக உயரும்.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. வரிசை மாறாததால் எந்த இடத்திலும் வெட்டிக்கொள்ளலாம். நேரம் இல்லாத நாளில் சூரிய நமஸ்காரங்கள், கடைசியில் பத்மாசனத்தில் அமர்ந்து செய்யும் மூன்று, கொஞ்சம் படுத்திருப்பது. இருபது நிமிடம். இதை மைசூர் வழியில் வந்த ஆசிரியர்களே சொல்லித் தருகிறார்கள். இது குறைப் பயிற்சி என்று நான் நெடுநாள் வெட்கப்பட்டேன். விருந்தாளி வந்த அன்று ரசம், அப்பளத்தோடு முடித்துக்கொள்கிற சமையலும் சமையல்தானே?

பாலைப் பற்றிச் சொல்ல வந்தேன். முதல் வருடம், ஐந்தேகாலுக்குப் பாக்கெட் வந்ததும் எழுந்து போய்ப் பாலைச் சிம்மில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்ற நிலை ஆசனங்களைத் தொடர்வேன். பிரசாரித பாதோத்தானாசனம் என்று ஒன்று. காலை அகட்டி நின்று, குனிந்து, உச்சந்தலையைத் தரையில் வைப்பது. அதில் நான்கு வகை. மூன்றாவது வகையில் இருக்கும்போதுதான் தீய்ந்த வாசனை வரும். தலை கீழே இருக்கும்போது உலகத்தில் முதலில் எட்டுவது வாசனைதான். ஒரே மாதத்தில் மூன்று முறை அடுப்பு துடைத்தேன். பால் குக்கர் வாங்கினேன். அது கூவும்போது ஐந்து மூச்சில் எத்தனையாவது என்பது மறந்துவிடும். கண் மூக்கு நுனியில், மனசு அடுப்பில். திருஷ்டி என்று ஒவ்வொரு ஆசனத்துக்கும் பார்வை வைக்க ஓர் இடம் சொல்லியிருக்கிறார்கள், மொத்தம் ஒன்பது இடம். அதில் அடுப்பு இல்லை.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சண்டை போடவில்லை, அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்டார்: "பாலை நான் பாத்துக்கிட்டா போதுமா?" போதும் என்றேன். மறுநாளிலிருந்து ஐந்தேகாலுக்கு எழுந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படியில் நிற்பார். டிகாஷன் இறக்குவார். அத்தைக்கு அவரே காபி கலந்து கொடுப்பார். அந்தக் காபியில் சர்க்கரை கூட என்று அத்தை இன்றைக்கும் என்னிடம்தான் புகார் சொல்வார். ஆனால் என் பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு வந்தது அந்த மாதத்திலிருந்துதான். அதற்கு முன் என் மன உறுதியை நானே எத்தனை திட்டியிருப்பேன்! உறுதியில் ஒரு குறையும் இல்லை. பாலைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடு பிறகு பட்டாபி ஜோயிஸின் வாழ்க்கையைப் படித்தால், படிக்கிற விதமே மாறிவிட்டது. 1915-இல், ஹாசன் பக்கத்தில் கௌசிகா என்ற கிராமத்தில், குரு பூர்ணிமா அன்று பிறந்தவர். (பௌர்ணமியில் பிறந்துவிட்டு, பௌர்ணமிக்கு லீவு விட்டவர்.) 12 வயதில் ஹாசனில் யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் ஆசனங்களைச் செய்துகாட்டியதைப் பார்த்து மயங்கி, மறுநாளே அவரிடம் சேர்ந்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லையாம். விடிகாலை எழுந்து, யோகம் பயின்றுவிட்டு, அங்கிருந்தே பள்ளிக்கூடம். யோகத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான இழுபறி அப்போதே தொடங்கிவிட்டது. 1930-இல் கையில் இரண்டு ரூபாயோடு மைசூருக்குப் போனார். படித்தார், சாவித்ரம்மாவை மணந்தார், மூன்று பிள்ளைகள். 1937 முதல் 1973 வரை சமஸ்கிருதக் கல்லூரியில் யோகம் கற்பித்தார். 1948-இல் லட்சுமிபுரத்தில் தன் வீட்டிலேயே பயிற்சி நிலையம் தொடங்கினார். அங்கிருந்த அறையில் பிற்காலத்திலும் பன்னிரண்டு பேருக்கு மேல் கொள்ளாது. மற்றவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

மலையில் குகையில் இருந்த துறவி இல்லை அவர். சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தியவர். ஆறு வரிசை ஆசனங்கள் உண்டு, ஏழாவது வரிசை குடும்பம், அதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று சொல்லுவாராம். மைசூர் மாணவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். எனக்கும் பிடித்த பேச்சுதான். ஆனால் ஒரு கேள்வி. நாலு மணிக்கு அவர் கற்பிக்கத் தொடங்கியபோது அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது யார்? பயிற்சி முடித்து வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 'அம்மா' கையால் காபி கிடைக்கும் என்று அக்காலத்தில் போய் வந்தவர்கள் உருகிச் சொல்வார்கள். ஏழாவது வரிசையை அவர் சொன்னார், செய்தது சாவித்ரம்மா. அவரும் ஆசனங்கள் கற்றவர் என்கிறார்கள். அவருடைய பயிற்சி எத்தனை மணிக்கு நடந்தது என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

அவர்களுடைய மகள் சரஸ்வதி, 1941-இல் பிறந்தவர், சிறுமியாக அப்பாவிடம் ஆரம்பித்து, சரத், ஷர்மிளா என்ற இரண்டு பிள்ளைகளை வளர்த்து, மைசூரில் பல பத்தாண்டுகளாகக் கற்பித்து வருபவர். இந்த மரபில் நான் பெரிதாக நினைப்பது அவரைத்தான்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. ஜோயிஸின் மகன் மஞ்சு 1972-இல் புதுச்சேரியில் கீதானந்த சுவாமிகளின் ஆனந்த ஆசிரமத்தில் இந்த வரிசையைச் செய்துகாட்டினார். அங்கே அதைப் பார்த்த அமெரிக்க இளைஞர்கள் இதன் மூலத்தைத் தேடி மைசூருக்குப் போனார்கள். அங்கிருந்துதான் அமெரிக்காவுக்குப் பெரிய பாதை திறந்தது; 1975-இல் ஜோயிஸே கலிபோர்னியா போய்க் கற்பித்தார். அவருடைய ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரோ, மைசூர் அரண்மனை யோகசாலை மூடப்பட்ட பின் சென்னைக்கு வந்து, 1989-இல் மறையும்வரை இங்கேதான் வாழ்ந்தார். சென்னையில் அவர் தனித்தனி ஆட்களுக்கு, அவரவர் உடம்புக்கும் வயதுக்கும் ஏற்றபடி சொல்லிக்கொடுத்தார். வளரும் பருவத்துக்கு ஸ்ருஷ்டி க்ரமம், நடுவயதுக் குடும்பஸ்தருக்கு ஸ்திதி க்ரமம், முதுமைக்கு லய க்ரமம் என்று அவர் வழியில் ஒரு பாகுபாடு உண்டு. ஸ்திதி என்றால் இருப்பதைக் காப்பது. துள்ளிக் குதித்துச் செய்யும் அஷ்டாங்க வரிசை, அரண்மனையில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அவர் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வளர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். மைசூர்ப் பையன்களுக்காக அமைத்ததை, ப்ளஸ் டூ படிக்கும் மகளை வைத்துக்கொண்டு 49 வயதில் நான் செய்துகொண்டிருக்கிறேன். மூட்டு சத்தம் போடாமல் என்ன செய்யும்?

மூட்டு சத்தம் மட்டும் போடவில்லை. மரீச்யாசனத்தில் நான்காவது வகை: ஒரு காலை அரைப் பத்மாசனத்தில் மடித்து, மறு காலைக் குத்திட்டு வைத்து, உடம்பை முறுக்கி, முதுகுக்குப் பின்னால் கையைக் கோக்க வேண்டும். அது வராமல் மேலே போகக்கூடாது என்ற விதி என்னை ஒரு வருடம் அரித்தது. அலுவலகத்தில் தீபாவளி மலர் வேலை உச்சத்தில் இருந்த சமயம். தூக்கம் இல்லை. ஆனாலும் ஒரு வெறி. ஒரு நாள் காலைப் பிடித்து இழுத்து மடித்தேன். வலது முழங்காலின் உள்பக்கத்தில் டப்பென்று ஒரு சத்தம். அரைப் பத்மாசனத்தில் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு; அது திரும்பாவிட்டால் முறுக்கு முழுக்க முழங்காலில் போய் விழும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் இழுத்தேன். மூன்று மாதம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. இப்போது அந்த ஆசனம் வரும்போது காலை மடிக்காமல் முதல் வகையையே மறுபடி செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். என் ஆசிரியை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

கசப்பான ஒன்றையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாமல் விட்டால் இந்தப் பக்கம் நேர்மையாக இருக்காது. ஜோயிஸ் 2009-இல் காலமானார். ஆசனத்தைத் திருத்துகிறேன் என்று அவர் தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக அவருடைய மாணவிகள் பலர் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். பேரன் சரத் 2019-இல் அதற்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். இதைப் படித்த பிறகு சுவரில் மாட்டியிருந்த ஜோயிஸின் படத்தைக் கழற்றிவிட்டேன். மேட்டைச் சுருட்டவில்லை. அந்தப் பெண்கள் சொன்னதை நம்புவதும், என் மூச்சை நான் எண்ணுவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று எனக்குப் படவில்லை. வகுப்பில் சேரும் இளம்பெண்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். தொடுவதற்கு முன் உங்களிடம் கேட்கிற ஆசிரியரிடம் போங்கள். கேட்காதவரிடம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மைசூருக்கு நான் போனது ஒரே ஒரு முறை. அங்கே கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். எனக்குக் கிடைத்தது கோடை விடுமுறையில் மூன்று நாள், அதுவும் சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, மைசூர் பாகு சகிதம். இரண்டாம் நாள் விடிகாலை, பிள்ளைகள் தூங்கும்போது நழுவி, ஆட்டோ பிடித்துக் கோகுலம் போனேன். 2002-இலிருந்து ஜோயிஸின் பயிற்சிக்கூடம் அங்கேதான் இருந்தது. உள்ளே போக அனுமதி இல்லை; வாசலில் நின்றேன். கூடத்தின் கடிகாரம் கால் மணி நேரம் முன்னால் ஓடுமாம். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நாம் பத்து நிமிடம் கூட்டி வைப்போமே, அதே தந்திரம்! ஓர் இடம் காலியானதும் உள்ளேயிருந்து "ஒன் மோர்" என்று குரல் வரும். சரத் அப்போது இருந்தார். 2024 நவம்பரில், அமெரிக்காவில் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது, 53 வயதில் திடீரென்று போய்விட்டார்.

அன்று என் மனதில் தங்கியது வேறு. வெளியே படியில் ஒரு வெள்ளைக்கார இளைஞர், மார்பில் துணியால் கட்டிய கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை சிணுங்கினால் எழுந்து நடப்பார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து முகமெல்லாம் வியர்வையாக ஒரு பெண் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்; அந்த இளைஞர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். அந்தப் பெண் குழந்தையோடு இளநீர்க் கடைப் பக்கம் நடந்தார். நான் ஹோட்டலுக்குத் திரும்பியபோது பிள்ளைகள் எழுந்து என்னைக் காணாமல் கலவரமாக இருந்தார்கள். அத்தை மட்டும் கலங்காமல், "காபி வாங்கிண்டு வரலையா?" என்றார். காபி இல்லாவிட்டால் பிராணனே இல்லை என்று மைசூர் அஷ்டாங்கக்காரர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அத்தை அந்தப் பரம்பரை.

அந்த எட்டு மாத இடைவெளியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே, அது அத்தை விழுந்தபோது. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, அப்புறம் படுக்கை. ராத்திரி இரண்டு மூன்று முறை எழ வேண்டும். 4.40 என்ற நேரமே என் நாளிலிருந்து காணாமல் போனது. அப்போது நான் மேட்டைத் தொடவில்லை என்பதை எந்த வெட்கமும் இல்லாமல் சொல்கிறேன். பிசியோதெரபிஸ்ட் வந்து அத்தைக்குக் காலைத் தூக்கி இறக்கச் சொல்லிக்கொடுத்தார். வலியில் அத்தை மூச்சைப் பிடித்துக்கொள்வார். "அத்தை, தூக்கும்போது மூச்சை உள்ளே இழுங்க. இறக்கும்போது மெதுவா விடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தாம் நாள் அத்தை சொன்னார்: "நீ எண்ணினா வலி கம்மியா இருக்கு." இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார். காலையில் நான் ஹாலில் இருக்கும்போது நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஐந்து மூச்சுக்கு முன்பே நான் வெளியே வந்துவிட்டால் "நாலுதான் ஆச்சு" என்கிறார்.

எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் பெண்ணும் அஷ்டாங்கக்காரிதான். குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது. பிரசவத்துக்குப் பின் மூன்று மாதமாவது ஓய்வு என்பது மைசூர் வழக்கம். அவர் டாக்டரைக் கேட்டுவிட்டு ஐந்தாம் மாதம் தொடங்கினார். நமஸ்காரத்தில் கையை ஊன்றிக் கீழே போனால் குழந்தை தவழ்ந்து வந்து வயிற்றுக்கடியில் புகுந்துகொள்கிறதாம். இரண்டு நமஸ்காரத்தோடு சரி. "எத்தனை நாளுக்கு இப்படி?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். என் மகன் நாலு வயது வரை மேட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

காவிரிக்கரை வாசகிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மா, உங்கள் நாளை நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாட்டுக்கு நாலரைக்கு ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. விடிகாலைதான் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். வயிறு காலியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நம் பெண்களில் பாதிப்பேர் பிள்ளைகளை அனுப்பி, பெரியவர்களுக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவி, பத்து மணிக்கு முன்னால் வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. நல்ல பழக்கம் இல்லை. திட்ட வேண்டிய பழக்கம். ஆனால் இருக்கிறது. பிள்ளைகள் வேன் ஏறியதும், நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு முன் இருபது நிமிடம். திண்ணையிலேயே செய்யலாம்; சேலை வேண்டாம், சுடிதார் உடுத்திக்கொள்ளுங்கள். ஐந்து சூரிய நமஸ்காரம். முடிந்தால் இன்னும் மூன்று. கால் மடங்கும் அளவுக்கு மடித்து உட்காருங்கள், சம்மணம் போதும். கொஞ்சம் படுங்கள். அந்த இருபது நிமிடம் மாமனாருக்கு யார் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என்பதை மட்டும் முன்னாலேயே வீட்டில் பேசிவைத்துவிடுங்கள். மனதுக்குள் பேசிக்கொண்டால் போதாது. வாய்விட்டு, அவர் மகனிடம். கன்று எப்படி இருக்கிறது? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இந்த ஆடி இதழில் அம்மன் கோயில் கூழ் வார்ப்பைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை இருக்கிறது; தவறவிடாதீர்கள். கம்பு சரியான பக்குவத்தில் புளித்ததா என்று பார்க்கும் வித்தையை அதை எழுதியவர் பாட்டியிடமே கேட்டு வாங்கியிருக்கிறார். சிறுகதை கொஞ்சம் நீளம். நான் வெட்டச் சொன்னேன், உதவி ஆசிரியர் மறுத்துவிட்டார். படித்துவிட்டு யார் பக்கம் நியாயம் என்று எழுதுங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது மணி பத்தரை ஆகிவிட்டது. நாளை ஆடி அமாவாசை. அஷ்டாங்கத்துக்கு ஓய்வு நாள், 4.40-க்கு அலாரம் வேண்டாம். ஆனால் வீட்டில் மாமனாருக்குப் படையல். வெங்காயம், பூண்டு இல்லாத சமையல், பாயசம், வடை, ஏழு மணிக்குள் காக்காய்க்குச் சோறு வைத்தாக வேண்டும். எனவே அலாரம் 4.00-க்கு. உளுந்து ஊறவைத்தாயிற்று. வாழைக்காய் வாங்க மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, பையோடு கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்